எல்.டி.ஹெச். அதிகமாக இருந்தால் குழந்தை பிழைக்காதா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. வயிற்றில் இருந்த கட்டியைச் சோதித்து, நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் என்கிறார்கள். ரத்தத்தில் எல்.டி.ஹெச். 1,300-ஐத் தாண்டியிருக்கிறது. இந்த நொதி அதிகமானால் பிழைப்பது கடினம் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. உண்மையா, டாக்டர்?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து உங்கள் மகளின் எதிர்காலத்தை யாராலும் சொல்ல முடியாது, அம்மா.

எல்.டி.ஹெச். உடம்பின் எல்லாத் திசுக்களிலும் இருக்கும் நொதி. செல் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும். புற்றுசெல்கள் வேகமாகப் பெருகி வேகமாக மடிவதால், கட்டி பெரிதாக இருந்தாலோ பரவியிருந்தாலோ அளவு ஏறும். நியூரோபிளாஸ்டோமாவில் ஆரம்பத்திலேயே இது அதிகமாக இருந்த குழந்தைகளை மொத்தமாகப் பார்த்தால், நோய் கடுமையாக இருந்தது உண்மைதான். நீங்கள் படித்தது அதைத்தான். ஆனால் அது ஒரு கூட்டத்தின் கணக்கு.

வேறு காரணங்களாலும் அளவு கூடும். அழும் குழந்தையின் மெல்லிய ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே போதும். கல்லீரல், தசைப் பாதிப்பிலும் ஏறும். சிறு குழந்தைகளுக்கு இயல்பான அளவே பெரியவர்களைவிட அதிகம். ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பு யாருக்கானது என்று கேளுங்கள்.

2009-இல் வெளியான, நியூரோபிளாஸ்டோமாவுக்கான சர்வதேச அபாய வகைப்பாட்டை உருவாக்கியபோது எல்.டி.ஹெச்.-ஐயும் ஆராய்ந்தார்கள், இறுதி அளவுகோல்களில் அதைச் சேர்க்கவில்லை. நோயின் நிலை, வயது, திசுவின் தன்மை, புற்றுசெல்லில் எம்.ஒய்.சி.என். என்ற மரபணுவின் நகல்கள் பெருகியிருக்கின்றனவா, 11-ஆம் குரோமோசோமில் இழப்பு உண்டா போன்றவைதான் அதில் இருக்கின்றன. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: 18 மாதத்தைக் கடந்த குழந்தைக்கு நோய் எலும்புக்கோ மஜ்ஜைக்கோ பரவியிருந்தால், அதை அதிக அபாயப் பிரிவில்தான் சேர்ப்போம். அப்போது கீமோதெரபி, அறுவை சிகிச்சை, ஸ்டெம் செல் மாற்று, கதிர்வீச்சு, புற்றுசெல்லின் மேற்பரப்பில் உள்ள ஜி.டி.2 என்ற பொருளைக் குறிவைக்கும் எதிர்ப்பு மருந்து என்று நீண்ட சிகிச்சை தேவைப்படும். அதைத் தாண்டி நலமாக வளரும் குழந்தைகள் இருக்கிறார்கள். பரவாமல் ஒரே இடத்தில் இருந்தால், எம்.ஒய்.சி.என். பெருக்கமும் இல்லையென்றால், நிலைமை வெகுவாக வேறு.

கீமோ தொடங்கிய முதல் சில நாட்களில் எல்.டி.ஹெச். இன்னும் ஏறலாம். மருந்தில் புற்றுசெல்கள் உடைவதாலும் அப்படி ஆகும். அதைப் பார்த்துக் கலங்காதீர்கள். யூரிக் அமிலம், பொட்டாசியம், சிறுநீரின் அளவு ஆகியவற்றை அந்த நாட்களில் மருத்துவர்கள் உன்னிப்பாகக் கவனிப்பார்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எம்.ஒய்.சி.என். முடிவு வந்துவிட்டதா, மஜ்ஜையில் நோய் இருக்கிறதா, எந்த அபாயப் பிரிவு என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.