லேப்புக்குப் புதியவர்கள் கேட்டவை

கே: பீக்கரிலேயே கோடு போட்டிருக்கிறதே, அளவு உருளை தனியாக எதற்கு?

ப: பீக்கர் கோடு குத்துமதிப்பு. 5 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும். கரைக்க, சூடாக்க பீக்கர்; அளக்க உருளை. கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கி, வளைவின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் உருளையில் அளவு கூடுதலாகத் தெரியும். பியூரெட்டில் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் நீளக் குழாய்) எண்கள் மேலிருந்து கீழே ஏறுவதால் குறைவாகத் தெரியும். டைட்ரேஷனில், அதாவது பியூரெட்டிலிருந்து ஒரு கரைசலை விட்டு இன்னொன்றின் அடர்வைக் கண்டுபிடிக்கும் சோதனையில், ரீடிங் ஒத்துவராமல் முழிப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

கே: வெறும் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறேன். அதற்கும் பாதுகாப்புக் கண்ணாடியா?

ப: ஆமாம். பக்கத்து மேசையில் என்ன கொதிக்கிறது என்று தெரியுமா?

கே: அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும் என்கிறார்களே, ஏன்?

ப: அடர் கந்தக அமிலம் தண்ணீரைப்போல 1.84 மடங்கு கனம். அதன்மேல் தண்ணீர் விட்டால் மேலாக மிதக்கும். கலக்கும் இடத்தில் கிளம்பும் சூட்டில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கும். மாற்றிச் செய்தால் நிறையத் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கொஞ்சங்கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு.

கே: அப்படியானால் அந்த அமிலம் கையில் பட்டால் முதலில் துணியால் துடைப்பதுதானே சரி? தண்ணீர் விட்டால் சூடாகும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ப: நல்ல மடக்கு! ஆனால் அளவைப் பாருங்கள். ஈரத்துணியால் ஒற்றினால் சூடாகும்தான், அது கொஞ்சத் தண்ணீர். குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் அமிலமும் சூடும் சேர்ந்தே ஓடிவிடும். துணி தேடும் நேரத்தில் தோல் வெந்துகொண்டிருக்கும். உடனே தண்ணீர், குறைந்தது 15 நிமிடம். நனைந்த உடையைக் கழற்றியாக வேண்டும். அங்கே கூச்சம் பார்க்கக் கூடாது.

கே: எங்கள் பழைய பாடநூலில் துடைக்கத்தான் சொல்லியிருந்தது. ஆசிரியரும் அதையே சொன்னார்.

ப: துடைக்கும் விதி பொருந்துகிற இடம் வேறு: சுட்ட சுண்ணாம்பு போன்ற உலர்ந்த தூள். அதைத் தட்டிவிட்டு, அப்புறம் கழுவ வேண்டும். திரவ அமிலத்துக்கு அந்த விதி வேண்டாம்.

கே: சோடா மாவு போட்டால் அமிலம் முறிந்துவிடுமே?

ப: மேசையில் சிந்தியதற்குப் போடுங்கள். தோலில் வேண்டாம், முறியும்போதும் சூடு வரும். தண்ணீர்.

கே: துடைத்துவிட்டுத் தண்ணீர் விட்டால்?

ப: மேலே இரண்டு பதில் இருக்கிறது. படியுங்கள்.

கே: மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன், போதாதா?

ப: போதாது. பக்கவாட்டில் திறந்திருக்கிறதே.

கே: பிப்பெட்டை வாயால் உறிஞ்சலாமா? சர்க்கரைக் கரைசல்தான்.

ப: கூடாது. ரப்பர் பல்பு எதற்கு இருக்கிறது?

கே: சோதனைக்குழாயைச் சூடாக்கும்போது எனக்கு மட்டும் பொங்கிப் பீறிடுகிறது.

ப: அடியிலேயே நெருப்பைக் காட்டுகிறீர்கள். அங்கே உண்டாகும் ஆவி, மேலிருக்கும் திரவத்தை மொத்தமாகத் தள்ளுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சாய்த்துப் பிடித்து, திரவத்தின் மேல்பகுதியில் தொடங்கி, குழாயை ஆட்டிக்கொண்டே சூடாக்குங்கள். வாய்ப்பகுதி யார் பக்கமும் திரும்பியிருக்கக் கூடாது, உங்கள் பக்கமும்தான்.

கே: வீட்டிலேயே செய்துபார்க்க அடர் அமிலம் எப்படி வாங்குவது?

ப: உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். நான் சொல்லமாட்டேன்.

கே: துடைக்கும் விஷயம் பற்றி இன்னொரு சந்தேகம்...

ப: தண்ணீர்!