ஏர் பிஸ்டல்: எந்த கம்பெனி வாங்கலாம்? (கேள்வி பதில்)

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது அமுக்கிய காற்றால் சுடும் போட்டித் துப்பாக்கி, வாங்குவது பற்றிக் கேளுங்கள் என்றதும் தக்கலை, குளச்சல், குலசேகரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி குவிந்துவிட்டது. சரி, ஆரம்பிப்போம்.

தக்கலை: அண்ணே, மகள் பத்தாம் வகுப்பு. ரேஞ்சில் உள்ள பிஸ்டலில்தான் சுடுகிறாள். சொந்தமாக வாங்கலாம் என்றால் ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பார்தினி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எது நல்லது?

தங்கச்சி, ஐந்துமே உலகப் போட்டிகளில் சுடுகிற சாமான்தான். ஃபைன்வெர்க்பாவ் ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃப் ஊர்க் கம்பெனி, மௌசர் ஆலையில் இருந்த இரண்டு பொறியாளர்கள் தொடங்கியது. வால்தர் 1886-ல் தொடங்கி, போருக்குப் பிறகு உல்ம் நகருக்கு இடம் மாறியது. ஸ்டெயர் ஆஸ்திரியா, மொரினி சுவிட்சர்லாந்து, பார்தினி இத்தாலி. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். இவற்றில் எதை இடுக்கியில் பிடித்துச் சுட்டாலும் அதற்குள்தான் விழும். அதனால் குழல் எந்த நாட்டில் செய்தது என்று மண்டையை உடைக்க வேண்டாம். மகளின் கை சின்னதாக இருக்கும், கைப்பிடி அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். படம் பார்த்து வாங்காமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்துப் பார்க்க வைத்து, அவள் கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறக்கும்போது முன்குறி பின்குறிக்கு நடுவில் தானாக வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மார்த்தாண்டம்: லைசென்ஸ் வேணுமா?

2016 ஆயுத விதிகள்படி குழலின் துளை 0.177 அங்குலத்துக்கு மேலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ போனால்தான் உரிமம். போட்டி பிஸ்டல் 0.177தான், ஆற்றலும் ஆறு ஜூல் பக்கம்தான் வரும். ஆகவே வேண்டாம். கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுங்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, பில்லையும் கூடவே வையுங்கள்.

குளச்சல்: பழைய பிஸ்டல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, கூட இரண்டு காற்றுச் சிலிண்டர். எடுக்கலாமா?

முதலில் சிலிண்டரின் மேல் அடித்திருக்கும் தேதியைப் படியுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் பத்து வருடம்தான் ஆயுள் தருகின்றன. உள்ளே 200 பார் அழுத்தம், அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் குறி பார்க்கிறோம். தேதி தாண்டியதை வைத்துச் சுடுவது உயிரோடு விளையாடுவது, விற்கிறவர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். புது சிலிண்டர் விலையைக் கூட்டினால் அந்தப் பாதி விலை எங்கே போய் நிற்கிறது என்று அப்புறம் பாருங்கள். கடலோர வீடு என்பதால் இன்னொன்று: கைப்பம்ப் ஈரக்காற்றையும் சேர்த்துத்தான் அமுக்கும். நம் ஊரில் இரண்டு மழைக்காலம், அதுக்கு மேல் உப்புக்காற்று. ஈரம் பிரிக்கும் வடிகட்டி இல்லாத பம்ப் வேண்டவே வேண்டாம்.

கருங்கல்: அண்ணாச்சி, இதுக்கு லைசென்ஸ்?

மார்த்தாண்டத்துக்குச் சொன்னதுதான்.

குலசேகரம்: தோட்டத்தில் குரங்கும் பன்றியும் தொல்லை. எந்த கம்பெனி பலமானது?

எதுவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையில் மனு கொடுங்கள். தேரூர்க் குளத்துப் பறவைகள் மேல் பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு) அடித்துப் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

நாகர்கோவில்: எலக்ட்ரானிக் டிரிகரா, மெக்கானிக்கலா?

முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கல்.

இதைச் சொன்னதும் சண்டை பிடித்துக்கொண்டது. குளச்சல்காரர், "உப்புக்காற்றில் எலக்ட்ரானிக் நிற்குமா, டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை மனு பாக்கருக்கே பாதிச் சுற்றில் பிஸ்டல் பழுதாகவில்லையா" என்றார். நாகர்கோவில் தம்பி விடவில்லை: "ஸ்பிரிங் மட்டும் துருப்பிடிக்காதா? எலக்ட்ரானிக்கில் ஒவ்வொரு தடவையும் இழுத்து வைக்காமலே, குண்டு போடாமல் வெறும் டிரிகர் பயிற்சி செய்யலாமே" என்று கேட்டார். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெறும் பயிற்சிக்கு அது உண்மையிலேயே வசதி. டோக்கியோவை வைத்து ஒரு வகையையே ஒதுக்குவதும் சரியில்லை. அதே மனு பாக்கர் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே பத்து மீட்டரில் தனிநபர், கலப்பு அணி இரண்டிலும் வெண்கலம் வாங்கினார். டிரிகர் எந்த வகையாக இருந்தாலும் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பதுதான் போட்டி விதி, அதில் யாருக்கும் சலுகை இல்லை. நான் மெக்கானிக்கல் என்பது வேறு காரணத்தால். கெட்டுப்போனால் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கையேடும் வைத்துப் பயிற்சியாளரே பார்த்துவிடலாம். சர்க்யூட் போர்டு போனால் இங்கே யார் தொடுவார்கள்?

தோவாளை: சர்வீஸ் எந்த கம்பெனியில் நல்லா இருக்கு?

நல்ல கேள்வி, இதை யாரும் முதலில் கேட்பதில்லை. நமக்கு சர்வீஸ் என்பது ஜெர்மனிக் கம்பெனி அல்ல, விற்ற ஆள்தான். வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது சுங்கக் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. என் மாணவி ஒருத்தி காற்றுக் கசிகிறது என்று ஒரு விற்பனையாளரிடம் கொடுத்தாள், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் மாற்றுகிற வேலைதான், போட்டி முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. பிள்ளை அழுததை நான் பார்த்தேன். அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: சீல் கிட், ஓ-ரிங் கையிருப்பில் உண்டா, யார் கழற்றுவார், அதுவரை மாற்றுப் பிஸ்டல் தருவீர்களா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பிரெசிஹோல் போன்ற மும்பைப் பக்கத்து உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கு இதில்தான் பலம், உதிரி பாகத்துக்குக் கடல் தாண்ட வேண்டாம்.

இரணியல்: வீட்டுப் பாதுகாப்புக்கு .32 பிஸ்டல்?

கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நான் விளையாட்டுப் பிஸ்டல் மட்டும்தான் பேசுவேன்.

முட்டம்: லைசென்ஸ் இல்லாமல்...

மேலே இருக்கிறது, படியுங்கள்.

அகஸ்தீஸ்வரம்: பெல்லட் எது?

ஒரே கம்பெனியிலேயே 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று தலை அளவு மாறும். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்கி உங்கள் குழலில் சுட்டுப் பாருங்கள்.

குளச்சல்: அந்தப் பழைய பிஸ்டல் சிலிண்டரில் 2013 என்று இருக்கிறது. பயிற்சிக்கு மட்டும் ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது தம்பி. காற்றை மெதுவாக இறக்கிவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பிஸ்டல் மட்டும் வேண்டுமானால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.