கபோஷான் கல்லுக்கு மணிக்கூடு: வாசகர் கேள்விகள்

30×40 மி.மீ. முட்டை வடிவக் கபோஷான் கல்லை (அடி தட்டையாக, மேல் குவிந்து வழவழப்பாக இருக்கும் கல்) துணியில் ஒட்டி, சுற்றி மணி தைத்தேன். நாலே நாளில் கல் கழன்றுவிட்டது. இதைவிட நல்ல பசை எது?

பசையை விடுங்கள், மேல் சுற்றைப் பாருங்கள். தைக்கும்போது கல் நகராமல் இருக்கத்தான் பசை. கல்லைப் பிடிப்பது, அதைச் சுற்றி மணியால் தைக்கும் கூடுதான். முதல் வரிசையைக் கல்லை ஒட்டி 11ஆம் நம்பர் மணியில் தையுங்கள் (நம்பர் கூடக்கூட மணி சிறிதாகும்). நான்கு மணி கோத்து ஊசியைத் துணியில் இறக்கி, நடுவில் மேலே எடுத்து, கடைசி இரண்டு மணிக்குள் மறுபடி ஓட்டுங்கள். இந்தக் கல்லுக்குச் சுமார் 80 மணி பிடிக்கும். அதன்மேல் ஒரு மணி விட்டு ஒரு மணியாக பெயோட் தையலில் இரண்டு சுற்று. கல்லின் தோள் உள்பக்கம் சரியும் இடத்தில் 15ஆம் நம்பருக்கு மாறி இன்னும் இரண்டு சுற்று. பொடிமணி இடம் குறைவாக எடுப்பதால் வாய் சுருங்கி, கல்மேல் படியும். எல்லாச் சுற்றையும் 11இலேயே போட்டால் கூடு கிண்ணம் மாதிரி விரிந்தே நிற்கும். கவிழ்த்துப் பிடித்து, நகத்தால் கல்லை நெம்பிப் பாருங்கள். அசைந்தால் இன்னொரு சுற்று தேவை.

சுற்று முடியும் இடத்தில் மட்டும் மணி கோணுகிறதே?

முதல் வரிசை ஒற்றைப்படையில் முடிந்திருக்கும். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். கடைசியில் அரை மணி இடம்தான் மிஞ்சுகிறதென்றால், மெல்லிய மணியாகப் பொறுக்கிப் போடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் கோணினால், சுற்றை முடித்ததும் அந்தச் சுற்றின் முதல் மணிக்குள் ஊசியை ஏற்றத் தவறியிருப்பீர்கள்.

சந்திரகாந்தக் கல்லை ஒட்டியதும் நீல ஒளி மங்கிவிட்டது. ஏன்?

அடியில் வெள்ளைத் துணி வைத்திருப்பீர்கள். ஒளி ஊடுருவும் கல்லில் கீழே இருப்பதெல்லாம் தெரியும், பசைக் குமிழி உட்பட. கறுப்புத் துணிக்கு மாறுங்கள். நீலம் எடுப்பாகத் தெரியும். இ6000 பசையைக் கல்லின் நடுவில் மட்டும் மெல்லிசாகத் தடவி, ஓரத்தில் 2 மி.மீ. விட்டுவிடுங்கள். பசை வழிந்து காய்ந்த இடத்தில் ஊசி இறங்காது, அழுத்தினால் முறியும். ஒட்டியபின் 24 மணி நேரம் தொடாதீர்கள். சூப்பர் குளூ வேண்டாம். துணியை விறைப்பாக்கும், வெள்ளைப் பூச்சும் விடும்.

15ஆம் நம்பர் மணியில் ஊசி சிக்குகிறது.

12ஆம் நம்பர் மணி ஊசி, 6 பவுண்டு இழுவை தாங்கும் ஃபயர்லைன் நூல் எடுங்கள். அப்படியும் சிக்கினால் இடுக்கியால் இழுக்காதீர்கள், மணி உடைந்துவிடும். 13ஆம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள்.