டாக்டரிடம் கேளுங்கள்: மாத்திரை போட்டால் வயிறு கலக்குகிறது

கேள்வி: நான் பஸ் கண்டக்டர். வயது 49. நான்கு மாதத்துக்கு முன் சுகர் இருப்பது தெரிந்தது. மெட்ஃபார்மின் 1000, காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். காலை 5.10-க்கு முதல் டிரிப். அதனால் நாலரைக்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். ஊரைத் தாண்டுவதற்குள் வயிறு கலக்க ஆரம்பித்துவிடும். ஒரு நாள் நடுவழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பயணிகள் எல்லாரும் பார்க்க, வயல் பக்கம் ஓட வேண்டியதாகிவிட்டது. அன்றோடு மாத்திரையை விட்டேன். ஆறு வாரம் ஆகிறது. வெறும் வயிற்றில் சுகர் 212. சிறுகுறிஞ்சான் பொடி போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். டாக்டரிடம் போனால் திட்டுவாரோ என்று போகவில்லை. என்ன செய்ய?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: எனக்கு 61 வயது, உங்களைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிய அந்தக் காலை நேரம் மனதிலேயே நிற்கிறது. அதற்கு அப்புறமும் மாத்திரையைத் தொடச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் 212 என்பதை இப்படியே விட முடியாது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில், வயிறு ஏன் கலக்கியது? மெட்ஃபார்மினை விழுங்கினால் ஏறக்குறைய பாதிதான் ரத்தத்தில் சேரும். மிச்சம் குடலிலேயே கிடந்து, அங்கேயும் வேலை செய்துவிட்டு, கடைசியில் மலத்தோடு போகும். ஆரம்ப நாட்களில் குடலுக்கு இது பழக்கமில்லை. வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயில் இரும்பு வாடை எல்லாம் வரும். சாப்பிடுகிறவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவராவது இதைச் சொல்கிறார். எனவே இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. உங்கள் விஷயத்தில் இரண்டு காரணங்கள் கூடச் சேர்ந்திருக்கின்றன. எடுத்த எடுப்பிலேயே நாளுக்கு 2000 மில்லிகிராம். அதுவும் வெறும் வயிற்றில், ஒரு டீயோடு.

வழக்கமாக 500-ல் தொடங்கி, சாப்பாட்டோடு கொடுத்து, வாரத்துக்கு ஒரு படி என்று ஏற்றுவோம். ‘எஸ்.ஆர்.’ என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரையும் உண்டு. மருந்தை மொத்தமாகக் கொட்டாமல் மெதுவாக விடுவது அது. வயிறு ஒத்துக்கொள்ளாத பலர் இதற்கு மாறியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆகவே டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் வயிறு போகிறது, வேலை பார்க்க முடியவில்லை. ஆறு வாரமாக நிறுத்திவிட்டேன். எஸ்.ஆர். 500-ஐ ராத்திரி சாப்பாட்டோடு தொடங்கிப் பார்க்கலாமா?” ஆறு வாரம் நிறுத்தியதை மறைக்காதீர்கள். மறைத்தால், 2000 போட்டும் சுகர் குறையவில்லை என்று நினைத்து இன்னொரு மருந்தையும் சேர்த்துவிடுவார். கிட்னிக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். கிட்னி ரொம்பவும் பலவீனமாக இருந்தால் இந்த மருந்து கூடாது.

ராத்திரி ஏன் என்றால், முதல் சில நாட்கள் வயிறு கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவில் போடுங்கள். பாதிச் சோறு, மாத்திரை, அப்புறம் மீதிச் சோறு.

டாக்டர் திட்டுவாரோ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு மெட்ஃபார்மின் எழுதியதே நான்தான். வாரம் தவறாமல் போன் செய்து “சுகர் எவ்வளவுப்பா?” என்று கேட்பேன். ஒரு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் பதினோரு மாத்திரைகள். வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா பார்க்கட்டும் என்று வாயில் போட்டுக்கொண்டு, பிறகு துப்பிச் சேர்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “வகுப்பு நடுவில எழுந்து ஓட வேண்டியிருக்கும்மா, பிள்ளைங்க முன்னாடி...” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை மாதமும் நான் நம்பரைக் கேட்டேன், வயிற்றைக் கேட்கவில்லை. அது என் தப்பு. இன்றைக்கு என் கிளினிக்கில் சுகர் சீட்டை வாங்கும் முன்பே “மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?” என்று கேட்டுவிடுகிறேன். உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு தொல்லை தரும் மருந்தை ஏன் விடச் சொல்லவில்லை என்று தோன்றும். 1957-லிருந்து சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டு வரும் மருந்து இது. பிரிட்டனில் பல வருடம் நடந்து 1998-ல் வெளிவந்த ஆய்வில், உடல் எடை கூடுதலாக இருந்த சர்க்கரை நோயாளிகளில் இதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு 39 சதவீதம் குறைந்திருந்தது. விலையும் குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதனால்தான் கைவிடும் முன் சரியான முறையில் ஒரு தடவை முயன்று பார்க்கச் சொல்கிறேன்.

எஸ்.ஆர்.-உம் ஒத்துக்கொள்ளாத சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். நீங்கள் அப்படி என்றால் வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் போன்றவை வயிற்றுக்குச் சாதுவானவை. காப்புரிமை முடிந்தபின் விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது. கிளிமிபிரைடு எழுதினால் மட்டும் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். அதைப் போட்டுவிட்டு, வண்டி லேட்டாகிச் சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் திடீரென இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் வேண்டும்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும். நாக்கில் இனிப்பு தெரியாமல் போவதை வைத்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நம்பாதீர்கள். மருந்துக்குப் பதிலாக அது வேண்டாம்.

வயிற்றுப்போக்கில் ரத்தம் வந்தாலோ, எடை மளமளவென்று குறைந்தாலோ மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த மருந்தைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமினும் குறையலாம். பாதம் மரத்தாலோ எரிந்தாலோ அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். வயது 44. சுகருக்கு டபாக்ளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து அந்தரங்க இடத்தில் அரிப்பு, வெள்ளை. யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தங்கச்சி, உங்கள் சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை. இந்த மருந்து ரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரையை, நாளுக்கு ஏறக்குறைய 70 கிராம், சிறுநீரில் இறக்கிவிடுகிறது. இனிப்பு இருக்கும் இடத்தில் பூஞ்சை வரும். அவ்வளவுதான். குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் டாக்டர் ஒரு தடவை பார்த்து உறுதி செய்யட்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். உள்ளாடை பருத்தியில் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வந்தால் மருந்தை மாற்றச் சொல்லலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். கடையில் பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? இந்த மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும். தண்ணீரைக் குறைத்தால் தலை சுற்றி விழுந்துவிடுவீர்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பாத்ரூமுக்கும் கூச்சப்படாமல் கேளுங்கள். தேவைப்பட்டால் டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள்.

வாந்தி, பேதி வந்தாலும், விரதம் இருப்பதானாலும், ஆபரேஷன் என்றாலும் டாக்டரிடம் கேட்டு இதை நிறுத்திவையுங்கள். வாந்தி, வயிற்று வலியோடு மூச்சு வாங்கினால், சுகர் நம்பர் பெரிதாக இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு விழுங்கச் சிரமம். எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுக்கிறேன். சரியா?
– வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். பொடித்தால் மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். சாதாரண மாத்திரையாக மாற்றி, அளவைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, எஸ்.ஆர். சாப்பிடுகிறவர்களுக்கு மலத்தில் மாத்திரை அப்படியே முழுதாக வந்தது மாதிரி தெரியும். மருந்து இறங்கியபின் மிஞ்சும் வெறும் கூடு அது. அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.