அப்பாவுக்குக் கேட்ட ஊசி அம்மாவுக்கு ஏன் கேட்காது?

கேள்வி: எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். அம்மாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. நீர்க்கடுப்பு என்று யூரின் கல்ச்சர் எடுத்ததில் ‘ஈ.கோலை, கிராம் நெகட்டிவ்’ என்று வந்திருக்கிறது. போன வருடம் அப்பாவின் கால் புண்ணுக்குத் தஞ்சாவூரில் வான்கோமைசின் ஊசி போட்டார்கள், நன்றாகக் கேட்டது. அந்தப் பவரான ஊசியை அம்மாவுக்கும் போடச் சொன்னால் டாக்டர் மறுக்கிறார். ஏன்?

பதில்: அவர் மறுத்தது சரிதான். இது பவர் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

அப்பாவின் புண்ணில் இருந்தது அநேகமாக ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, கிராம் பாசிட்டிவ் வகை. அதன் சுவர் தடிமனானது. ஆனால் அதற்கு மேல் மூடி எதுவும் கிடையாது. கிருமி வளர வளரச் சுவரைக் கட்டிக்கொண்டே போகும். கட்டுமானத் துண்டுகளின் நுனியை வான்கோமைசின் பிடித்துக்கொள்ளும். சுவர் வேலை நின்று கிருமி சாகும்.

அம்மாவுக்கு வந்திருக்கும் ஈ.கோலை என்ற கிருமியிடமும் அதே நுனி உண்டு. சுவர் இன்னும் மெல்லியதுதான். ஆனால் சுவருக்கு வெளியே கொழுப்பாலான உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. அதில் ‘போரின்’ என்ற நுண்துளைகள். மதகில் தண்ணீர் போகும், மரக்கட்டை போகுமா? சுமார் 600 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறு அந்தத் துளையில் நுழைவது கடினம். வான்கோமைசினோ ஏறக்குறைய 1,450. டோஸைக் கூட்டினால் அம்மாவின் சிறுநீரகம்தான் அடிவாங்கும்.

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் கண்டுபிடித்த சாயச் சோதனைதான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ‘கிராம்’. தடித்த சுவர் ஊதாச் சாயத்தை விடாமல் வைத்துக்கொள்ளும், அது பாசிட்டிவ்; மெல்லிய சுவர் விட்டுவிடும், அது நெகட்டிவ்.

சரி, அப்போது எதுதான் கேட்கும்? நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற சிறிய மூலக்கூறுகள் உள்ளே போய்விடும். ஆனால் சில ஈ.கோலை, துளைகளைக் குறைத்துக்கொள்ளும். சில, நுழைந்த மருந்தை நொதியால் உடைத்துவிடும். அதனால்தான் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எஸ், ஆர் என்று போடுகிறார்கள். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு எஸ் இருந்தாலும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அது சரிப்படாது.

அந்த வெளி உறையையே உடைக்கும் கோலிஸ்டின் என்ற ஊசியும் உண்டு. வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தொடுவோம். கோழித் தீவனத்தில்கூட அதைக் கலக்கக் கூடாது என்று 2019-இல் இந்தியாவில் தடை போட்டார்கள்.

அம்மாவுக்குக் குளிர் காய்ச்சலோ, விலாவுக்குக் கீழே முதுகுவலியோ, வாந்தியோ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம், நடவு, களை என்று வயலுக்குப் போகிறவராக இருந்தால், ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்துப் பெண்கள் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள்.