வாசிப்புத் தாள்: நேரம் எங்கே போகிறது?

கேள்வி: கேம்பிரிட்ஜின் பி2 பிசினஸ் வான்டேஜ் என்ற வணிக ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறேன். வாசிப்புத் தாளில் நேரம் போதவில்லை. கடைசிப் பகுதியில் மதிப்பெண் போய்விடுகிறது. எப்படிப் பயிற்சி செய்வது?
– வாசகி, கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: 60 நிமிடம், 5 பகுதிகள், 45 கேள்விகள். நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் இரண்டாம் பகுதிதான். விடுபட்ட வாக்கியங்களைப் பொருத்தும் அந்தப் பகுதியில் இருப்பதே 5 கேள்விகள். 12 நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். பொருத்தும் வாக்கியத்தில் 'திஸ்', 'தே' வந்தால், அது முந்தைய வரியில் எந்தச் சொல்லைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் விடையை மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாம் பகுதியில் 12 வரிகள். ஒவ்வொன்றிலும் வேண்டாத சொல் ஒன்று இருக்கும். அல்லது வரி சரியாகவே இருக்கும். நம்மவர்கள் இங்கே சறுக்குவதற்குத் தாய்மொழிப் பழக்கமும் ஒரு காரணம். 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி பட்ஜெட்' என்பதில் 'அபௌட்' கூடாது. ஆனால் 'பட்ஜெட்டைப் பற்றிப் பேசினோம்' என்று பழகிய காதுக்கு அது உறுத்தாது. இப்படிப்பட்ட வினைச்சொற்களை ஒரு நோட்டில் சேர்த்து, மெட்ரோவில் போகும்போது புரட்டுங்கள். தேர்வில் வரியோடு நிறுத்தாமல் முற்றுப்புள்ளி வரை படியுங்கள். பிழை பெரும்பாலும் அடுத்த வரியோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

வாரம் ஒரு முழுத் தாள், கடிகாரம் வைத்து எழுதுங்கள். திருத்தும்போது, தவறிய ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைப் பத்தியில் தேடி அடிக்கோடிடுங்கள். உண்மையான பயிற்சி அதுதான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.