ஜப்பானில் குழந்தை இருக்கும் வீட்டில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிக்கலாமா?

யமகதாவில் பழைய மர வீடு, ஏசியில் எவ்வளவு வைத்தாலும் அறை சூடேறவில்லை, டிசம்பர் கடைசியில் மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் வருகிறார்கள், உடன் வேலை செய்பவர் தன்னுடைய பழைய மண்ணெண்ணெய் ஹீட்டரைச் சும்மா தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா, குழந்தையை வைத்துக்கொண்டு எரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எரிக்கலாம். நான் இருப்பது சென்டாயில். தோஹோகு என்னும் இந்த வடகிழக்குப் பக்கம் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளிலும் குளிர்காலம் முழுக்க இதுதான் எரிகிறது. ஆனால் அந்தப் பழைய ஹீட்டர் மட்டும் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. 2011 ஏப்ரலில் இருந்து இங்கே எண்ணெய் ஹீட்டர்களுக்குப் பிஎஸ்சி என்னும் பாதுகாப்பு முத்திரை கட்டாயம், அது இல்லாமல் கடையில் விற்க முடியாது. அதற்கு முந்தைய மாடல்கள் பலவற்றில் எரிந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் டேங்கை வெளியே உருவ முடியும், உருவினாலும் அணையாது. மூடியைச் சரியாக மூடாமல் டேங்கைத் திரும்பக் கவிழ்த்து உள்ளே வைத்ததில் எண்ணெய் தணல்மேல் கொட்டி எரிந்துபோன வீடுகள் நிறைய. புதிய மாடலில் டேங்கைத் தூக்கினாலே அணைந்துவிடும், மூடி சரியாக மூடியதா என்பதையும் சத்தத்தாலோ நிறத்தாலோ காட்டும். சுமார் 15,000 யென்னுக்குப் புது ஃபேன் ஹீட்டர் கிடைக்கும்போது, குழந்தை வரப்போகிற வீட்டில் அந்தச் சும்மா கிடைக்கும் பெட்டியை நம்ப வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல வாடகை வீடுகளில் மண்ணெண்ணெய் ஹீட்டர் கூடாது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் பேச்சே இல்லை, எலெக்ட்ரிக்தான். புரியவில்லை என்றால் வீட்டு ஏஜென்ட்டிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வகை. திரி போட்ட ஸ்டவ் மாதிரி ஹீட்டர் ஒன்று, கரண்ட்டில் ஓடும் ஃபேன் ஹீட்டர் ஒன்று. திரி ஹீட்டருக்குப் பற்றவைக்க பேட்டரி போதும், கரண்ட் போனாலும் எரியும். 2011 நிலநடுக்கத்தின்போது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களில் குளிர் காயவும், அதன் தலையில் கெட்டிலை வைத்து வெந்நீர் போடவும் இதுதான் கைகொடுத்தது. ஆனால் உடம்பு முழுக்கக் கொதிக்கும், முன்பக்கம் செக்கச்செவேல் என்று தணல் தெரியும், தவழ்ந்து நடந்து எல்லாவற்றையும் பிடித்து நிற்கிற வயதுப் பிள்ளைக்கு அது சரிவராது. உங்களுக்கு ஃபேன் ஹீட்டர். அதிலும் காற்று வெளிவரும் வாய் சுட்டுவிடும், அதனால் முன்னால் வைக்கிற கம்பித் தடுப்பையும் சேர்த்தே வாங்குங்கள். பெட்டியில் இரண்டு அளவு போட்டிருக்கும், மர வீட்டுக்கு ஒன்று, கான்கிரீட் வீட்டுக்கு ஒன்று. 3.2 கிலோவாட் என்றால் மர வீட்டில் 9 தத்தாமி அறை, கான்கிரீட்டில் 12. தத்தாமி என்பது தரையில் விரிக்கும் பாய், அறையின் அளவை அந்தப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். உங்களுடையது மர வீடு, சின்ன எண்ணைப் பாருங்கள்.

நிலநடுக்கம் வந்தால் அது தானாகவே அணையும், கவிழ்ந்தாலும் அணையும், மூன்று மணி நேரம் யாரும் பொத்தானைத் தொடாவிட்டாலும் அணையும். இவ்வளவையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். அதனிடம் விட முடியாதவை இரண்டு: உள்ளே ஊற்றும் எண்ணெய், அறையில் இருக்கும் காற்று. இந்த இரண்டிலும் நீங்கள்தான் ஒழுங்காக இருக்க வேண்டும்.

எண்ணெய் பெட்ரோல் பங்கிலும், ஹோம் சென்டர் என்னும் வீட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும், மண்ணெண்ணெய்க்கு இங்கே தோயு என்று பெயர், அப்படியே கேளுங்கள். நம் ஊர் ரேஷன் கடையில் நீல நிறமாக ஊற்றுவார்களே, இங்கே அது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். பெட்ரோலுக்குத்தான் இங்கே ஆரஞ்சு நிறம் போட்டிருப்பார்கள். செல்ஃப் பங்கில் எந்தக் குழாய் என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்காதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். மண்ணெண்ணெய் 40 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே விடும். ஹீட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே தீ கட்டுக்குள் நிற்காது. கேனில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் இங்கே ஒரு வழி சொல்வார்கள்: நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், வெளியே நின்று, விரல் நுனியில் ஒரு சொட்டு தொட்டு ஊதிப் பாருங்கள். பெட்ரோல் உடனே காய்ந்து விரல் ஜில்லென்று ஆகும், மண்ணெண்ணெய் ஈரமாகவே நிற்கும். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஊற்றாதீர்கள், பங்குக்கே எடுத்துப் போய்விடுங்கள்.

இதற்கென்றே விற்கும் பாலிடேங்க் என்னும் 18 லிட்டர் பிளாஸ்டிக் கேனில்தான் வாங்கி வைக்க வேண்டும், தண்ணீர் கேனில் வேண்டவே வேண்டாம். வெயில் படாத இடத்தில் வையுங்கள். போன குளிர்காலத்து மிச்சத்தை இந்த வருஷம் ஊற்றக் கூடாது. கோடையில் வெயிலும் வெக்கையும் பட்டு அது லேசாக மஞ்சளாகும், புளித்த வாடை அடிக்கும். ஃபேன் ஹீட்டரில் ஊற்றினால் வெள்ளைப் புகை, நாற்றம், பற்றவே பற்றாது. திரி ஹீட்டரில் இன்னும் மோசம், திரியில் தார் மாதிரிப் பிசின் கட்டி, அணைக்கும்போது திரி கீழே இறங்காமல் நின்றுவிடும்.

எண்ணெய் ஊற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், முக்கால்வாசித் தொந்தரவு இங்கேதான் தொடங்குகிறது. முதலில் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். உள் டேங்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு, செருப்பு விடும் அந்தப் பள்ளமான இடத்துக்குப் போய், கீழே பழைய நியூஸ்பேப்பர் விரித்து அங்கேதான் ஊற்ற வேண்டும். சிவப்புத் தலை வைத்த பிளாஸ்டிக் கைப்பம்ப் நூறு யென் கடையிலேயே கிடைக்கும்: தலையில் இருக்கும் குமிழை இறுக்கிவிட்டு நாலைந்து தடவை அமுக்கினால் எண்ணெய் தானாக இறங்கும். டேங்கில் இருக்கும் அளவுக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், போன் அடித்தாலும் போகாதீர்கள், கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே குமிழைத் தளர்த்தினால் நின்றுவிடும். நிரம்பினால் தானே நிற்கிற பேட்டரி பம்பும் உண்டு, நான் அதைத்தான் சொல்வேன். ஊற்றி முடித்ததும் மூடியை இறுக்கி, டேங்கைத் தலைகீழாகப் பிடித்து, மூடிப் பக்கம் கீழே இருக்கும்படி நியூஸ்பேப்பருக்கு மேலே சில வினாடிகள் வைத்துப் பாருங்கள். பேப்பரில் ஒரு பொட்டு ஈரம் விழுந்தாலும் திரும்ப மூடுங்கள். பொட்டு இல்லை என்றால் டேங்கைத் துடைத்து உள்ளே வையுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், குளிரில் கை விறைத்தாலும். குழந்தை அந்த நேரத்தில் வாசல் பக்கம் வரக் கூடாது, பம்பையும் கேனையும் எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும், உடனே ஆம்புலன்ஸுக்கு 119 அடியுங்கள்.

இடம்: முன்னாலும் மேலேயும் ஒரு மீட்டருக்குள் எதுவும் இருக்கக் கூடாது. திரைச்சீலை, படுக்கை, சோபா எல்லாம் தள்ளி. குளிர்காலத்தில் இங்கே துணி காயாது, கைக்குழந்தைத் துணி மலைபோல் சேரும், ஹீட்டருக்கு மேலே ஒரு கொடி கட்டினால் என்ன என்று தோன்றும். கட்டாதீர்கள். காயக் காயத் துணி லேசாகும், சூடான காற்றில் ஆடும், நழுவி விழும். வீட்டுத் தீவிபத்துகளில் அடிக்கடி கேள்விப்படுகிற காரணம் இது. ஸ்ப்ரே டப்பாக்களும் அப்படித்தான், ஃபேன் ஹீட்டரின் சூடான காற்று நேராகப் படும் இடத்தில் தரையில் கிடந்த ஹேர் ஸ்ப்ரே வெடித்துச் சிதறும்.

அந்த ஹேர் ஸ்ப்ரே பற்றி இன்னொன்று. சிலிகான் கலந்த ஸ்ப்ரே, கூந்தலுக்குப் போடும் சீரம் வகைகளை அதே அறையில் அடித்தால், அது காற்றோடு உள்ளே போய் எரிந்து, தீயைக் கவனிக்கும் கம்பிமேல் வெள்ளையாகப் படியும். அப்புறம் மெஷினுக்குத் தீ இருப்பதே தெரியாமல் அடிக்கடி அணையும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு இந்தப் பிரச்சினை இல்லை, சிலிகான் வகைகளை மட்டும் வேறு அறையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி காற்று. தீயைப் பார்த்து எல்லோருக்கும் பயம் வரும், காற்றைப் பார்த்து யாருக்கும் வராது, எனக்குக் கவலை அதில்தான். இந்த ஹீட்டருக்குப் புகைக்குழாய் கிடையாது. எரிந்து வருவது எல்லாம் நீங்கள் மூச்சுவிடும் அறைக்குள்ளேயே விழுகிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் மேலாகவே தண்ணீர் ஆவியாக வெளிவரும், காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிவதும் சுவர் மூலையில் பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான். அது போகட்டும். அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய எண்ணெய் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, தொண்டை கரகரக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்றில் 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தாலே இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி. 1,600 பிபிஎம் என்றால் 20 நிமிடத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊருக்குக் கேரளாவிலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர், அதில் நான்கு பேர் குழந்தைகள், விடுதி அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கதவு ஜன்னல் எல்லாம் மூடிப் படுத்தவர்கள், எழுந்திருக்கவே இல்லை. குளிர் பழகாத ஊரிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஜன்னலை இறுக்கி மூடுவதுதான், நாமும் அப்படித்தான். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து யார் புதிதாக வந்து ஹீட்டர் என்று கேட்டாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

எனவே ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள். ஒரே ஜன்னலை அகலமாகத் திறப்பதைவிட எதிரும் புதிருமாக இரண்டு இடம் திறந்தால் காற்று சட்டென்று மாறும். சூடெல்லாம் போய்விடுமே என்று தோன்றும். போகாது, சுவரும் தரையும் பொருள்களும் சூடாகத்தான் இருக்கும், மூடிய சில நிமிடத்தில் அறை பழைய நிலைக்கு வந்துவிடும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள், நினைவை நம்ப வேண்டாம். பழைய வீடு, இடுக்கு நிறைய இருக்கிறது, காற்று தானே வரும் என்று விட்டுவிடாதீர்கள். குளிர் தாங்காமல் அந்த இடுக்கையெல்லாம் டேப்பும் குமிழித்தாளும் வைத்து நீங்களே அடைக்கப் போகிறீர்கள். காற்றை மாற்றச் சொல்லும் விளக்கு எரிந்து மெஷின் அணைந்தால், ஜன்னலைத் திறக்காமல் திரும்பப் பொத்தானை அமுக்கவே கூடாது. கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கும் அறையில் வையுங்கள். சமையலறை கேஸ் கசிவு அலாரங்களில் சில இதைக் கண்டுபிடிக்காது, பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

தூங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். இதில் விதிவிலக்கு வேண்டாம், எவ்வளவு பனி கொட்டினாலும். இரவுக்கு ஏசியை ஓடவிடுங்கள், அல்லது படுப்பதற்கு முன் மெத்தையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உடுப்பு போட்டுவிட்டால் போதும், அறை நம்ம ஊர் மாதிரி இருக்க வேண்டும் என்று இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், குமட்டினால், குழந்தை வழக்கத்துக்கு மாறாக மந்தமாகவோ சிணுங்கிக்கொண்டோ இருந்தால், காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வாருங்கள், அப்புறம் 119. இங்கே ஆம்புலன்ஸுக்குக் காசு இல்லை. மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் மருத்துவர் சரியான பரிசோதனையைச் செய்வார்.

மனைவிக்கு இதெல்லாம் தெரிய வேண்டும், பகல் முழுக்க ஹீட்டரோடு வீட்டில் இருக்கப் போவது அவர்தான். மேனுவல் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், போன் கேமராவில் மொழிபெயர்த்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் விளக்குக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிச் சின்னத் துண்டாக ஒட்டிவிடுங்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் சில நாள் நீங்களே எரித்துப் பழகிக்கொள்ளுங்கள், முதல் தடவை எரிக்கும்போது புது மெஷின் வாடை அடிக்கும், அதுவும் அதற்குள் போய்விடும். மார்ச் கடைசியில் எண்ணெயைக் குறைத்துக் குறைத்து வாங்குங்கள். மிஞ்சினால் சாக்கடையில் கொட்டாமல், வாங்கிய பங்கிலேயே கேட்டால் எடுத்துக்கொள்வார்கள்.